இரட்டைச் சுவர் கண்ணாடி மக்கில் வெற்றிடம் எங்கே இருக்கிறது?

குன்னூர்க்காரன்:
'பயணத்துக்கு எந்த டீ மக் வாங்கலாம்' இழையில் அடையாறு வாணி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இரட்டைச் சுவர் கண்ணாடி மக்கில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறதாம், இலை போட்டு வெந்நீர் ஊற்றினால் ஆறு மணி நேரம் டீ சூடாக இருக்குமாம். அதை நம்பி அங்கேயே இரண்டு பேர் ஆர்டர் போட்டுவிட்டார்கள். அது வெற்றிடம் இல்லை மேடம், காற்று. 27 வருஷம் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். மக்கைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மிளகு அளவுக்கு சிலிக்கோன் அடைப்பு ஒன்று தெரியும். காற்று விரிந்து சுருங்கும்போது கண்ணாடி விரிசல் விடாமல் இருக்க வைத்த துளை அது. வெற்றிடத்துக்குத் துளை எதற்கு?

அடையாறு_வாணி:
என் மக்கின் அடியில் அப்படி எதுவும் இல்லை சார். கண்ணாடியையே மொட்டு மாதிரி உருக்கி மூடியிருக்கிறார்கள். பெட்டியில் வேக்குவம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தக் காலத்து ஃபிளாஸ்க்கின் உள்ளே இருப்பதும் கண்ணாடிதானே? 1892-லேயே விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் இரண்டு சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துக் காட்டிவிட்டார். அதில் இருக்கலாம், என் மக்கில் இருக்கக் கூடாதா?

குன்னூர்க்காரன்:
ஃபிளாஸ்க் உடைந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று வெள்ளிப் பூச்சு இருக்கும். வெற்றிடம் மட்டும் போதாது, வெப்பம் கதிராக வெளியே போவதைத் திருப்பி அனுப்ப அந்தப் பூச்சு வேண்டும். உங்கள் மக்கில் இந்தப் பக்கம் கையை வைத்தால் அந்தப் பக்கம் ரேகை தெரிகிறது. பெட்டியில் அச்சடித்ததெல்லாம் வேதமா?

நான் வாயால் மட்டும் பேசவில்லை. 400 மில்லி மக், மூடி இறுக்கி, வீட்டுக்குள் மேசை மேல் வைத்து தெர்மாமீட்டரில் பார்த்தேன். ஊற்றும்போது 94 டிகிரி. அரை மணியில் 70. ஒரு மணியில் 55. இரண்டு மணியில் 38, அது குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர். வெற்றிடமாம்.

கோவை_சோலார்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். சோலார் ஹீட்டர் மாட்டுவது என் தொழில். கண்ணாடிக்குள் வெற்றிடம் வராது என்கிற மாதிரி பேசாதீர்கள். கோயம்புத்தூரில் எத்தனை மொட்டை மாடியில் அந்தக் குழாய் இருக்கிறது! இரண்டு கண்ணாடி, நடுவே வெற்றிடம், வெளிக் குழாய் வழியாக உள்ளே தெரியும். உள்குழாயில் கறுப்புப் பூச்சு.

குன்னூர்க்காரன்:
வராது என்று நான் எங்கே எழுதினேன்? வரியை எடுத்துக் காட்டுங்கள். அந்த அம்மா மக்கில் இல்லை என்றுதான் எழுதினேன். நீங்களே தொழில்காரர், நீங்களே சொல்லுங்கள்: அந்தக் குழாயின் அடி நுனியில் வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டு இருக்குமே, அது எதற்கு?

கோவை_சோலார்:
பேரியம் என்ற உலோகத்தின் பூச்சு. மிச்சம் இருக்கிற வாயுவைப் பிடித்து வைக்கும். குழாயில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் பொட்டு வெள்ளையாக வெளுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் குழாய் போச்சு என்று சொல்வோம்.

குன்னூர்க்காரன்:
வாணி மேடம், உங்கள் மக்கில் அந்தப் பொட்டு இருக்கிறதா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் போதும்.

அடையாறு_வாணி:
என் மக் சோலார் ஹீட்டர் இல்லை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று சட்டமா? உங்கள் கணக்குக்கே வருகிறேன். 94 டிகிரியில் ஊற்றிவிட்டு ஆறிப்போச்சு என்கிறீர்கள். சென்னையில் தண்ணீர் 100-ல் கொதிக்கும். உங்கள் ஊர் 1,850 மீட்டர் உயரம், அங்கே 94-லேயே கொதித்துவிடும். ஆறு டிகிரி குறைவான தண்ணீரை மலைக்குளிரில் வைத்து அளந்துவிட்டு என் மக்கைக் குறை சொல்வது என்ன நியாயம்?

குன்னூர்க்காரன்:
குன்னூர்த் தண்ணீரை ஏன் இழுக்கிறீர்கள்? ஆறு டிகிரி கூட்டினால் 38 ஐம்பதாகிவிடுமா? இந்தத் தண்ணீரில்தான் தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊரில் டீ ருசி பார்க்கிறார்கள். கேள்வி மக்கைப் பற்றியது. பொட்டு எங்கே?

ஹட்டன்_பொடியன்:
அண்ணன்மாரே, அக்கா, வெற்றிடத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. இலை டீயை ஆறு மணித்தியாலம் எதுக்குச் சூடா வைக்கணும்? இலை மூணு நிமிஷம், மிஞ்சினா அஞ்சு நிமிஷம் ஊறணும். அதுக்கு மேல தண்ணியிலேயே கிடந்தா கசந்து, நாக்கு வறண்டு, வாயில வைக்க ஏலாது. சூடு நிக்க நிக்க கசப்பும் கூடத்தான் செய்யும். மக் வாங்குறவங்க முதல்ல வடிகட்டியப் பாக்கணும். வாய்கிட்ட மட்டும் சல்லடை வச்ச மக்குன்னா கடைசி மிடறு வரைக்கும் இலை தண்ணியிலதான். கூடை மாதிரி உள்ள இறங்கி, ஊறினதும் வெளிய தூக்கி வைக்கக்கூடியது வேணும். கூடையும் அகலமா இருக்கணும். முழு இலை விரிஞ்சா எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? விரல் மொத்தக் குழாய்க்குள்ள அடைச்சா நடுவுல இருக்கிற இலை நனையவே நனையாது.

எங்க ப்ளேன்டீய, பால் சேக்காத டீய, அப்படித்தான் குடிக்கணும். நுவரெலியா இலையோட மணம் வேற எங்கயும் வராது.

குன்னூர்க்காரன்:
வடிகட்டி பற்றிச் சொன்னது சரி தம்பி. கடைசி வரியை மட்டும் தவிர்த்திருக்கலாம். போன மாதமும் இதே பேச்சு பேசினீர்கள், மறக்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற நாட்களில் நீலகிரியில் எடுக்கிற கொழுந்தை ஒருமுறை ஊற வைத்துக் குடித்துவிட்டு வாருங்கள்.

ஹட்டன்_பொடியன்:
போன மாசம் எங்க தேயிலையச் சாயத்தண்ணின்னு சொன்னது யாருண்ணே? 1867-ல இலங்கையில லூல்கந்துர தோட்டத்தில ஜேம்ஸ் டெய்லர் ஆரம்பிச்சது இது. அந்த மண்ணுல எங்க பாட்டி கொழுந்து எடுத்தவ. சாயத்தண்ணின்னு சொன்னத நானும் மறக்கல.

மதுரை_டிகாக்ஷன்:
எல்லாரும் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். பஸ்ஸில் பை ஒரு தடவை சாய்ந்தால் முடிந்தது கதை. நல்ல இரட்டைச் சுவர் எவர்சில்வர் பாட்டில் வாங்குங்கள், அதில் நிஜமாகவே வெற்றிடம் இருக்கும், ஆறு மணி நேரமும் நிற்கும்.

அடையாறு_வாணி:
எவர்சில்வரில் டீ ஊற்றினால் இரும்பு வாடை வரும். அதனால்தான் கண்ணாடிக்கே வந்தேன். இலை மெல்ல விரிந்து நிறம் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். எப்போது எடுக்க வேண்டும் என்று கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

குன்னூர்க்காரன்:
நிறம் தெரியும் என்பது உண்மை, அதற்காக நானும் கண்ணாடிதான் வைத்திருக்கிறேன். இரும்பு வாடை என்பது தப்பு. 304 ரக எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம். மேலே படிகிற குரோமிய ஆக்சைடு படலம் டீயை உலோகத்தோடு சேர விடாது. வாடை வருவது மூடிக்குள் இருக்கிற வாஷரிலிருந்து. அதைக் கழற்றிக் கழுவாமல் வைத்தால் நேற்றைய டீயும் முந்தாநாள் டீயும் அதில்தான் குடியிருக்கும். உங்கள் கண்ணாடி மக் மூடியிலும் அதே வாஷர்தான். நகத்தால் நெம்பி எடுத்து மோந்து பாருங்கள்.

தாம்பரம்_லோக்கல்:
ஒரு சந்தேகம் சார். நான் பார்த்த மக் பெட்டியில் 'சூடு தாங்கும் கண்ணாடி' என்று இருந்தது. அப்படியென்றால் சூடு நிற்கும்தானே?

குன்னூர்க்காரன்:
தாங்குவது வேறு, நிற்பது வேறு தம்பி. அது போரோசிலிகேட் கண்ணாடி. ஓட்டோ ஷாட் ஜெர்மனியில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்தது. சாதாரண கண்ணாடி சூட்டில் விரிகிற அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடாது. டீ ஆறுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் மக்கை விற்கிறார்கள்.

அடையாறு_வாணி:
அப்படியென்றால் கண்ணாடி நல்லது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதானே?

குன்னூர்க்காரன்:
நீங்கள் சொன்னது வெற்றிடம். ஆறு மணி நேரம். இரண்டும் உங்கள் எழுத்தில் அப்படியே இருக்கிறது.

கோவை_சோலார்:
சார், உங்கள் சோதனையில் இன்னொன்று விட்டுப்போச்சு. நடுவே காற்றாகவே இருக்கட்டும், அசையாத காற்றும் சூட்டை எளிதில் கடத்தாது. வெளிச்சுவர் கையைச் சுடாமல் இருப்பது அதனால்தான். உங்களுக்குச் சூடு நிறையப் போனது மூடி வழியாக இருக்கலாம். மூடி ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக்தானே?

குன்னூர்க்காரன்:
மூங்கில் மூடி. அடியில் ரப்பர் வளையம். மூடியைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள்?

மதுரை_டிகாக்ஷன்:
மூங்கிலா? ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமே. 27 வருஷ அனுபவம் இதற்கு எப்படி ஒத்துக்கொண்டது?

குன்னூர்க்காரன்:
தினமும் வெயிலில் காய வைக்கிறேன், பூஞ்சை வரவில்லை. ஃபில்டர் காபிக்காரர்களுக்கு இந்த இழையில் என்ன வேலை என்றுதான் புரியவில்லை. மேட்டுப்பாளையத்தில் காலை ரயில் ஏறுமுன் இந்த மக்கில் டீ போட்டேன். கல்லாறு தாண்டி ஹில்குரோவ் போவதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது, குன்னூரில் இறங்கும்போது பச்சைத் தண்ணீர். மூன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு மணி நேரம் என்று படித்து வாங்கிய இரண்டு பேருக்கு யார் பணம் தருவது?

அடையாறு_வாணி:
நான் யாரையும் வாங்கச் சொல்லி மிரட்டவில்லை. என் மக்கில் காலை ஏழு மணிக்குப் போட்ட டீயைப் பதினோரு மணிக்கு ஆபீசில் குடிக்கிறேன், சூடாகத்தான் இருக்கிறது.

குன்னூர்க்காரன்:
எத்தனை டிகிரி?

அடையாறு_வாணி:
நாக்குக்குத் தெரியும் சார், தெர்மாமீட்டர் எதற்கு?

ஹட்டன்_பொடியன்:
ஏழு மணிக்குப் போட்டு பதினொன்னு வரைக்கும் இலை உள்ளயேவா கிடக்கு அக்கா?

அடையாறு_வாணி:
எடுத்துவிடுவேன் தம்பி. எனக்கு என் மக்கைத் தெரியும்.

குன்னூர்க்காரன்:
ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் மறுபடி ஊற்றுகிறேன். நீங்களும் அதே நேரத்துக்கு ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு பேரும் படம் எடுத்து இங்கே போடுவோம். மக்கின் அடிப்பக்கம் படத்தில் தெரிய வேண்டும்.

அடையாறு_வாணி:
94 டிகிரித் தண்ணீரோடு நான் போட்டிக்கு வரவில்லை. சென்னைக்கு வந்து ஊற்றுங்கள், பார்க்கலாம்.

குன்னூர்க்காரன்:
பொட்டு எங்கே என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.