வைசாகி சமயத்தில் பஞ்சாப்: போய்வந்தவர்கள் வழிகாட்டுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஏப்ரலில் வைசாகி அறுவடைத் திருநாளையொட்டி அப்பா, அம்மாவுடன் பஞ்சாப் போகிறேன். அமிர்தசரஸ் பற்றி ஓரளவு விசாரித்துவிட்டேன். இரவில் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபைப் பொற்கோயிலிலிருந்து பல்லக்கில் அதே வளாகத்திலுள்ள அகால் தக்துக்கு எடுத்துச்செல்வதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். மற்ற ஊர்களுக்குத்தான் உங்கள் உதவி தேவை.

அப்பா காலமெல்லாம் நெல் விளைவித்தவர். கோதுமை அறுவடையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வைசாகிக்குள் அறுப்பு மும்முரமாகிவிடுமா, அல்லது ஒரு வாரம் தள்ளிப் போவது நல்லதா? இப்போது பெரும்பாலும் இயந்திர அறுவடைதான் என்று தெரியும். கதிரைக் கையால் அறுக்கும் வயல்கள் எந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கின்றன? லூதியானாவுக்கு அருகில் கன்னா தானியச் சந்தைக்குள் வெளியாட்களை விடுவார்களா? மலைபோல் குவிந்த கோதுமையை அவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் எனக்கு அதுவே போதும்.

அம்மாவுக்குக் குருத்வாராவின் (சீக்கியக் கோயில்) இலவச உணவுக்கூடமான லங்கரில் உட்கார்ந்து ரொட்டி தேய்க்க ஆசை. பெரிய குருத்வாராக்களைவிடக் கிராமத்துக் குருத்வாராவில் அதற்கு நிதானமாக இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன், சரிதானா? கோயிந்த்வால் சாகிப் ஊரிலுள்ள புனிதக் கிணற்றுக்கு 84 படிகள் இறங்க வேண்டும்; மூட்டுவலி உள்ளவருக்கு முடியுமா?

1699-இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்னும் சீக்கிய அமைப்பை நிறுவிய அனந்த்பூர் சாகிபில் வைசாகியன்று கூட்டம் அலைமோதும். வயதானவர்களோடு அன்றைக்கே போகலாமா? சராயில் (யாத்திரிகர் விடுதி) அறை கிடைக்குமா? விவசாயக் குடும்பத்துடன் தங்கிய அனுபவம் உள்ளவர்கள் ஊர்ப்பெயரோடு எழுதினால் பேருதவியாக இருக்கும்.