எல்.டி.எச். இறங்கினால் புற்றுநோய் போய்விட்டதா?

வைகைக்கரை: மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தபின் குருதியில் எல்.டி.எச். (லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி) இறங்கினால் கட்டி வேரோடு போய்விட்டது என்று பொருள் என மருதன் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. குருதி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே அவற்றுக்குள் இருக்கும் அந்த நொதி சீரத்தில் (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியில்) கலந்து அளவு ஏறிவிடும். குழாயில் சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் இளஞ்சிவப்பாக நிற்பதை ஆய்வகத்தில் அன்றாடம் பார்க்கிறவள் நான்.

மருதன்: உங்கள் ஆய்வகத்தில் ஊசி போடத் தெரியாவிட்டால் நொதி என்ன செய்யும், அம்மா? உயிர்வளி இருந்தும் புற்றணுக்கள் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குவதை ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டினார். அதன் கடைசிப் படியைச் செய்யும் நொதி இதுதான். கட்டியை எடுத்தால் அளவு இறங்கத்தானே வேண்டும்?

வைகைக்கரை: வார்பர்கை நான் மறுக்கவில்லை. தொடக்கநிலையில் பெரும்பாலோருக்கு அறுவைக்கு முன்பே அளவு இயல்பாகத்தான் இருக்கும். அறுவையில் திசு காயப்பட்டு ஏறுவதும், கீமோவின்போது வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் ஊசியால் எல்.டி.எச்.சும், எலும்பிலும் கல்லீரலிலும் உள்ள நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேசும் ஏறுவதும் உண்டு. உடைந்த சிவப்பணுவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நிலா: எந்த நிலைப் புற்றுநோய் என்று இருவரும் முதலில் சொல்லுங்கள். பரவிய நோயில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறினால், அது எலும்பிலிருந்தா கல்லீரலிலிருந்தா என்று பிரித்தறிய கல்லீரல் நொதியான ஜி.ஜி.டி. உதவும்.

மருதன்: நிலையெல்லாம் பிறகு. அளவு இறங்கினால் நல்லதா, இல்லையா? மார்பகப் புற்றுநோய்க்குக் குருதியில் பார்க்கும் குறிப்பொருளான சி.ஏ. 15-3ஐ நொதி என்று சென்ற மாதம் எழுதியவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வைகைக்கரை: அப்படி எழுதியவர் நீங்கள், அது சர்க்கரைப்புரதம் என்று திருத்தியவள் நான். அந்தக் கோபத்தைத்தான் இன்றுவரை சுமக்கிறீர்கள். இத்தாலியில் 20 மருத்துவமனைகளில் 1320 பெண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. எலும்பு ஸ்கேன், கல்லீரல் அல்ட்ராசவுண்டு, குருதிச் சோதனை என்று அடிக்கடி தேடப்பட்டவர்கள், வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் மட்டும் இருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. அறிகுறியில்லாதவர்களுக்கு இச்சோதனைகளை வழக்கமாக்க வேண்டாம் என்றே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் சொல்கிறது. ஒரே ஓர் எண்ணைப் பார்த்து ஒரு பெண் அடுத்த மேமோகிராமைத் தள்ளிப்போட்டால் பொறுப்பு யாருடையது?

மருதன்: 1994க்குப் பின் கருவிகளும் மருந்துகளும் மாறிவிட்டன. பழைய ஆய்வைக் காட்டி வாயடைக்காதீர்கள். இறங்கினால் நல்லதுதான்.

வைகைக்கரை: எல்.டி.எச். பார்த்ததால் ஆயுள் நீண்டது என்று காட்டிய ஆய்வு எது? ஆண்டோடு எழுதுங்கள்.

மருதன்: முதலில் உங்கள் ஆய்வகத்துக் குழாய்களைச் சரிசெய்யுங்கள்.