இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம், அம்மாவுக்கு வலி போகவில்லை

அம்மாவுக்கு வயது 76. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததில், மூட்டின் பந்தை மட்டும் மாற்றினார்கள். எக்ஸ்ரே சரியாக இருக்கிறதாம். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து முதல் நாலு அடி வைப்பதற்குள் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிவதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார், அதில்தான் எனக்கு எரிச்சல். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்பதால் பாராசிட்டமாலோடு சரி. காய்ச்சல், வீக்கம் இல்லை.

வேறு டாக்டரிடம் போனால் ஈஎஸ்ஆர், சிஆர்பி (உள்ளே தொற்றோ அழற்சியோ இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள்) பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா? முதுகுத்தண்டிலிருந்து இறங்கும் வலியாக இருக்குமா? வீட்டில் இதைப் பார்த்தவர்கள், பிசியோதெரபியில் எந்தப் பயிற்சி கைகொடுத்தது என்று சொல்லுங்கள். தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாச்சு.