ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டை மீட்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் இல்லை. அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பழைய விண்டோஸ் 10 கணினி ஒன்று மட்டும் இன்னும் தானாகவே இணைகிறது. அதில் வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி வரை போய் ‘ஷோ கேரக்டர்ஸ்’ டிக் செய்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. அதுவும் அவரோடு போயிற்று. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் கேபிள் வழியாகத் திறக்கிறது, ஆனால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டை ஏற்கவில்லை.

ரவுட்டரை ரீசெட் செய்தால் இன்டர்நெட் இணைப்பு விவரம் உட்பட எல்லாமே அழிந்துவிடும். அப்புறம் பிரின்டர், கேமரா எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும். பாஸ்வேர்டை மீட்க மேலாளர் அனுமதி கொடுத்துவிட்டார். ரீசெட் இல்லாமல் வேறு வழி உண்டா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், வேலை தடைபட்டு நிற்கிறது.