குன்ஸ்ட்கம்மர்: 'வியப்பறை' போதுமா?

அன்பர்களே,

ஐரோப்பிய அரசர்கள் கலைப்பொருள்களையும் இயற்கையின் அபூர்வங்களையும் சேர்த்துவைத்த அறைகளுக்கு ஜெர்மன் மொழியில் குன்ஸ்ட்கம்மர் என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் விவாதத்தில், 'அருங்காட்சியகம்' ஆகாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை. காட்சி என்றால் ஊரே பார்ப்பது. 1583இல் அரசவையை வியன்னாவிலிருந்து பிராகாவுக்கு மாற்றிய பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், அங்கே கோட்டைக்குள் வைத்திருந்தவையோ அவர் மனம்வைத்தால் மட்டுமே திறக்கும் அறைகள். ஒரு தூதரை உள்ளே அழைத்துக் காட்டினால் அதுவே தனி மரியாதை. 'கலைக்கூடம்' ஓவியத்தோடு நின்றுவிடுகிறது. 'கருவூலம்' என்றாலோ இன்று ஓய்வூதியக்காரர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள்.

எனக்குத் தயக்கம், நம் விவாதத்தில் வந்த 'வியப்பறை' மீது. விசித்திரப் பொருள்களின் அறையைக் குறிக்கும் வுண்டர்கம்மர் என்ற இன்னொரு ஜெர்மன் சொல்லுக்கு அது கச்சிதம், அங்கேயே இருக்கட்டும். ருடால்ஃபின் சேகரிப்பையும் விசித்திரங்களின் குவியல் என்றுதான் ஆய்வாளர்கள் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அந்தச் சேகரிப்பின் காப்பாளர் டானியல் ஃப்ரோஷல் 1607 முதல் 1611 வரை எழுதிய பொருட்பட்டியலின் கையெழுத்துப்படி 20ஆம் நூற்றாண்டில் கிடைத்த பிறகு அந்த எண்ணம் தகர்ந்தது. இயற்கைப் பொருள், கைவினை, அறிவியல் கருவி என்று வகை பிரித்த ஒழுங்கு அதில் தெரிகிறது. எராஸ்மஸ் ஹாபர்மெலின் அளவைக் கருவிகளும் யோஸ்ட் பியூர்கியின் கடிகாரங்களும் வாய்பிளந்து பார்க்க மட்டும் செய்யப்பட்டவை அல்ல. வானியலாளர்கள் டைக்கோ பிராகியும் கெப்ளரும் பணியாற்றிய அரசவை அது.

இந்த வகைகள் ஒரே பொருளிலும் கலந்துவிடும். வியன்னாவில் இப்போது இருக்கும் 1602ஆம் ஆண்டுக் கூசாவைப் பாருங்கள். உடல், பாதிக் கடல்தேங்காய். நிக்கோலஸ் ஃபாஃப் அதன் ஓட்டில் கடல்தெய்வங்களைச் செதுக்க, அன்டோன் ஷ்வைன்பெர்கர் பொன்முலாம் பூசிய வெள்ளியில் தாங்கியும் மூடியும் செய்து, உச்சியில் கடற்குதிரை மீது ரோமானியக் கடல்தெய்வம் நெப்டியூனை ஏற்றிவிட்டார். அந்தக் காய் எந்த மரத்தில், எந்தத் தீவில் காய்க்கிறது என்று அன்றைய ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது; அலையில் மிதந்துவந்து இந்தியப் பெருங்கடல் கரைகளில் ஒதுங்குவதைத்தான் அறிந்திருந்தார்கள். இதை இயற்கைப் பொருள் என்பதா, கைவினை என்பதா?

ஆகவே என் பரிந்துரை: 'அரும்பொருள் உள்ளறை'. 'அரும்பொருள்' தேங்காய் ஓட்டையும் கடிகாரத்தையும் சேர்த்து அணைக்கும். 'உள்' அரசரின் அந்தரங்கத்தைச் சொல்லிவிடும். ருடால்ஃபுக்கு இருந்தது ஓர் அறை அல்லவே என்று கேட்பவர்கள் 'உள்ளறைகள்' என்று பன்மையில் எழுதலாம். புளோரன்ஸில் வெக்கியோ அரண்மனையில் டஸ்கனி ஆட்சியாளர் முதலாம் ஃபிரான்செஸ்கோவுக்கு இருந்த சாளரமில்லாத சிற்றறைக்கும் இது பொருந்தும். அங்கே அலமாரிக் கதவுகளே ஓவியங்கள்.

'அருங்கலப் பண்டாரம்' என்ற மாற்றுக் கருத்தின் பழைமை எனக்கும் பிடிக்கிறது. ஆனால் பண்டாரம் என்றதும் இன்று காவி உடுத்தியவர் கண்முன் வந்து நிற்கிறாரே!

வியன்னாவில் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இன்றைய குன்ஸ்ட்கம்மரை 'அருங்காட்சியகத்தின் அரும்பொருள் உள்ளறைப் பிரிவு' என்று எழுதலாம். நீளம்தான், இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.