கடல்பனிக்கு அடியில் தண்ணி எடுக்க ஒத்திகை: டி.எம்.எஸ்.பி மூணாவது தடவை மட்டும் ஏன் கூடுது?

கொள்ளிடக்கரையான்:
ஊர் சீர்காழி பக்கம். இதுவரை இறால் குட்டைத் தண்ணியும் பழையாறு முகத்துவாரத் தண்ணியும்தான் சோதிச்சவன். இப்ப துருவக் கடல் வேலை. பனியில் துளை போட்டு, அடியில் இருக்கிற தண்ணியில் டி.எம்.எஸ்.பி (பாசி தன் செல்லுக்குள்ள வச்சிருக்கிற கந்தகச் சேர்மம்), டி.எம்.எஸ் (அதிலிருந்து வர்ற கந்தக வாயு), நைட்ரேட், சிலிக்கேட் எல்லாம் பார்க்கணும். ஒத்திகைக்குப் பழையாறில் ஒரு குடம் மொண்டு வந்தேன். அதையே மூணு பங்காத் தனித்தனியா வடிகட்டி, காஸ்டிக் சோடா போட்டு, டி.எம்.எஸ்.பியை டி.எம்.எஸ் ஆக்கி அளந்தா, மூணாவது மட்டும் ரெண்டு மடங்கு. கருவிக் கோளாறா, கைக் கோளாறா?

உவர்மண்:
பம்ப் போட்டு உறிஞ்சினீங்களா தம்பி? பாசி செல் உடைஞ்சு உள்ளே இருக்கிறதெல்லாம் கொட்டிடும். தானா சொட்டணும். முதல் 3.5 மில்லி மட்டும் பிடிங்க, வடிதாள் காயவே கூடாது. துருவக் கடல்ல ஃபியோசிஸ்டிஸ்னு ஒரு பாசி, வழவழன்னு கூட்டங்கூட்டமா இருக்கும். டி.எம்.எஸ்.பி மூட்டை அது. கை பட்டாலே உடையும்.

அலையாத்தி:
பாட்டிலையும் கவனிங்க. டி.எம்.எஸ்ஸுக்குக் கண்ணாடி, ஒரு குமிழி கூட இல்லாம கழுத்து வரை. சிலிக்கேட்டுக்குப் பிளாஸ்டிக், உறைய வைக்கிறதா இருந்தா மேலே இடம் விட்டு. நான் ஒரு தடவை மாத்திச் செஞ்சு, காலையில் ஃப்ரீசர் பூரா கண்ணாடிச் சில்லு. அண்டார்டிக் தண்ணியில் சிலிக்கேட் அதிகம், உறைஞ்சா ஒண்ணோடொண்ணு கோத்துக்கும். உருகினதும் அளக்காதீங்க, ராத்திரி முழுக்க அறைச் சூட்டிலேயே கிடக்கட்டும். இல்லேன்னா கம்மியாத்தான் காட்டும்.

உவர்மண்:
இன்னொண்ணு. துளைக்குள்ளேயே மொள்ளாதீங்க, பனித்தூளும் உப்புக்குழம்பும் கலந்து கிடக்கும். குழாயைப் பனிக்கு அடியில் பக்கவாட்டில் நீட்டி மெதுவா இழுங்க. தண்ணியே மைனஸ் 1.8 டிகிரி, வெளிக்காத்து பட்டதும் குழாயிலேயே உறையும். பனித்துண்டையும் உருக்கணும்னா வடிகட்டின கடல்தண்ணி சேர்த்து உருக்குங்க. ஐப்பசி மழை ஒரே ராத்திரி கொட்டி குட்டையில் உப்பு இறங்கினா இறால் என்ன பாடு படும்? அதே பாடுதான் பாசிக்கும். உப்பைத் தாங்கத்தானே டி.எம்.எஸ்.பியை வச்சிருக்கு, உப்பு சட்டுனு குறைஞ்சா வெளியே விட்டுடும்.

கொள்ளிடக்கரையான்:
பம்ப்தான் அண்ணே. ஏழரை பஸ் போயிடும்னு மூணாவதுக்கு மட்டும் சுவிட்சைப் போட்டேன். சனிக்கிழமை மறுபடி பழையாறு போறேன். இந்தத் தடவை ரெண்டு வகைப் பாட்டிலும் எடுத்துக்கிட்டு.