பாலே ஆரம்பநிலை: கணுக்காலுக்குப் பலம் ஏத்துறது எப்படி?

வணக்கம். ஊர் காரைக்குடி, வயசு 27. ஆடி மாசத்துலேர்ந்து ஆன்லைன்ல பாலே நடனம் கத்துக்கிறேன். இங்க நேர்ல சொல்லித்தர ஆள் கிடைக்கல. மெத்துனு இருக்கற சாதாரண பாலே ஷூதான், விரல் நுனியில நிக்கறதுக்கான பாயிண்ட் ஷூ பக்கமே போகல.

பிரச்சனை: ரெலவே (குதிகாலைத் தூக்கி முன்பாதத்துல எழும்புறது) செய்யும்போது ரெண்டு காலும் சேர்த்து எழும்பினா சரியா இருக்கு. இடது காலை மட்டும் ஊனி எழும்பினா கணுக்கால் சுண்டுவிரல் பக்கமா சாயுது. மறுநாள் காலையில முன்னங்கால் எலும்போட உள்பக்க ஓரம், கீழ்ப்பாதி முழுக்கத் தொட்டாலே வலி.

பழகுறது வீட்டு வளவுல. ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரை, துளிகூட நெகிழாது. ஜமக்காளம் விரிச்சேன், வழுக்குது. ஜிம் ரப்பர் பாய் போட்டா திரும்பும்போது பாதம் ஒட்டிக்கிட்டு முழங்கால் முறுக்குது, அது இன்னும் பயமா இருக்கு. பிடிக்க ஜன்னல் கம்பிதான்.

குதிக்கிறதை நிறுத்திட்டேன். ஐஸ் வச்சாச்சு. எக்ஸ்ரேல எலும்பு முறிவு இல்ல. டாக்டர் ஆட்டத்தையே விடச் சொல்றார், எனக்கு மனசு வரல. டர்ன்அவுட்டை (காலை வெளிப்பக்கமா திருப்பி வைக்கிறதை) இடுப்புலேர்ந்து வர்ற அளவோட நிறுத்தி, பிளியேல (முழங்காலை மடக்கி இறங்குறப்போ) முழங்கால் ரெண்டாவது கால்விரலுக்கு நேரா போகுதானு கண்ணாடி வச்சுப் பார்க்கிறேன். குதிகால் தூக்குற பயிற்சி, எலாஸ்டிக் பேண்ட் ரெண்டும் தினமும் உண்டு. ஓய்வெடுத்தா வலி போயிடுது, மறுபடி தொடங்கினா வந்துடுது.

பாலே ஆடினவங்க, பிசியோதெரபிஸ்ட் யாராவது சொல்லுங்க: ஆட்டப் பயிற்சியையும் இந்தப் பலப் பயிற்சியையும் வாரத்துல எப்படிப் பிரிச்சா வலி திரும்பாம கணுக்கால் பலப்படும்?